கோட்டுக்கு உயிர் தரும் எண்

கையில் இருக்கும் டேப்லட்டையே ஓவியப் பலகையாக லினக்ஸ் கம்ப்யூட்டரிடம் சேர்க்க முடியும். அதற்குத் தந்திரம் தேவையில்லை. ஒழுங்கான அறிமுகம் போதும்.

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டில் படம் எழுதி விற்ற பட்டுவா ஓவியர்களின் பலம் கோட்டில் இருந்தது. தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஒரே இழுப்பில் இறாலைக் கவ்விய பூனையின் முதுகு. இன்னொரு இழுப்பில் பாபுவின் வேட்டி மடிப்பு. பார்ப்பவருக்கு அது உருவம். வரைந்தவரின் கைக்கு அது அழுத்தத்தின் ஏற்ற இறக்கம்.

இந்த ஏற்ற இறக்கம் கம்ப்யூட்டர் மவுஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது, அல்லது இல்லை. மவுஸால் வரைந்த கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமனில், கம்பியை வளைத்து வைத்தது போல இருக்கும். அதனால்தான் கம்ப்யூட்டரில் படம் வரைபவர்கள் ‘பென் டேப்லட்’ எனப்படும் பேனாப் பலகையை நாடுகிறார்கள். பேனா எங்கே இருக்கிறது என்பதோடு எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதையும் அது சொல்லும்.

சாதாரணப் பேனாப் பலகையின் விலை இந்தியாவில் சில ஆயிரம் ரூபாய். திரையோடு கூடியது என்றால் பல மடங்கு. ஓவியம் பழகும் மாணவருக்கு அது யோசிக்க வேண்டிய தொகை. ஆனால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லட்டும் அதன் பேனாவும் பல வீடுகளில் மேஜை அறைக்குள் கிடக்கின்றன. கம்ப்யூட்டரில் லினக்ஸ், அதில் காசு கொடுக்காமல் கிடைக்கும் கிரிட்டா, கிம்ப் போன்ற தரமான ஓவிய சாஃப்ட்வேர். நடுவில் பலகை மட்டும் இல்லை. அந்த டேப்லட்டையே பலகையாக்க முடியாதா?

முடியும். கம்ப்யூட்டர்காரர்கள் இதை ‘வர்ச்சுவல் டேப்லட்’ என்கிறார்கள். நிழல் பலகை எனலாம். அதைச் செய்யும்போது எங்கே தவறு நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பதைப் பார்த்தால் லினக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதே புரிந்துவிடும்.

பலகை சொல்லும் சேதி

முதலில் நிஜப் பலகை. இந்தத் துறையில் நீண்ட காலமாக முன்னணியில் இருப்பது ஜப்பானின் வேகாம் நிறுவனம். 1983இல் தொடங்கப்பட்டது. அதன் தொழில்நுட்பத்துக்கு மின்காந்த ஒத்ததிர்வு என்று பெயர். பலகையின் அடியில் மெல்லிய கம்பிச் சுருள்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவை அனுப்பும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கும் சுருள் வாங்கி, திருப்பி அனுப்பும். பேனாவில் பாட்டரி கிடையாது. எந்தச் சுருள்களில் பதில் வலுவாகக் கேட்கிறது என்பதிலிருந்து முனையின் இடம் தெரியும். முனையை அழுத்தும்போது ஒத்ததிர்வு சற்றே மாறும். அந்த மாற்றத்திலிருந்து அழுத்தம் தெரியும்.

கடைசியில் எல்லாம் எண்தான். 2009இல் வந்த வேகாமின் இன்டூவோஸ் 4 பலகை அழுத்தத்தை 2,048 படிகளாகப் பிரித்தது. 2016இல் வந்த பேனாவில் அது 8,192 படிகள் ஆனது. நல்ல பலகை விநாடிக்குச் சுமார் 200 முறை ஒரு சிறு சேதி அனுப்பும். கிடைமட்டத்தில் இந்த இடம், செங்குத்தில் இந்த இடம், அழுத்தம் இவ்வளவு, பேனாவின் சாய்வு இவ்வளவு. ஓவிய சாஃப்ட்வேர் அழுத்தத்தைத் தடிமனாகவோ மையின் அடர்த்தியாகவோ மாற்றிக்கொள்ளும்.

இதே சேதியை டேப்லட்டும் சொல்லக்கூடும். சாம்சங்கின் எஸ் பென், ஆப்பிளின் பென்சில் வகைகளில் பெரும்பாலானவை அழுத்தத்தை அளப்பவை. 2015இல் தரமாக ஏற்கப்பட்ட ‘பாயின்டர் ஈவென்ட்ஸ்’ என்ற இணைய விதிமுறை அந்த அழுத்தத்தை 0 முதல் 1 வரையிலான எண்ணாக பிரவுசருக்கே கொடுத்துவிடுகிறது. ஆக, எண் கையில் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மவுஸ் வேஷம்

போனை மவுஸாக மாற்றும் செயலிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டு கிரிட்டாவைத் திறப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அம்புக்குறி நகர்கிறது, கோடு விழுகிறது, ஆனால் அதே கம்பிக் கோடு. பேனா அளந்த அழுத்தம் வழியில் எங்கோ காணாமல் போய்விட்டது.

காரணம் எளிது. மவுஸாக வேஷம் போட்டால் மவுஸுக்கு உரியதை மட்டுமே பேச முடியும். ஓர் உதாரணம், கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் விஎன்சி முறை. 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. சுட்டி நகரும்போது அது அனுப்பும் சேதி மொத்தம் ஆறு பைட். சேதியின் வகைக்கு ஒன்று, பட்டன்களின் நிலைக்கு ஒன்று, கிடைமட்ட இடத்துக்கு இரண்டு, செங்குத்து இடத்துக்கு இரண்டு. அவ்வளவுதான். அழுத்தத்துக்கு அங்கே நாற்காலி போடவில்லை. எட்டாயிரம் படிகளில் அளந்தாலும் உட்கார இடம் இல்லாத எண் வாசலிலேயே நின்றுவிடும்.

எனவே நிழல் பலகை மவுஸாக நடிக்கக் கூடாது. தான் பேனாப் பலகை என்றே கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மற்ற சிஸ்டங்களில் இதற்குப் பெரும்பாலும் அந்த நிறுவனம் வழிவிட வேண்டும். ஆப்பிள் 2019இல் ‘சைட்கார்’ என்ற வசதியைக் கொடுத்து, ஐபேடை மேக் கம்ப்யூட்டரின் வரைபலகையாக்கியது. இரண்டு கருவிகளும் ஆப்பிள். லினக்ஸில் அப்படி ஒரு முதலாளி இல்லை. ஆனால் கதவு ஒன்று இருக்கிறது.

கெர்னலில் ஒரு கதவு

லினக்ஸின் மையமான கெர்னலில் கீபோர்ட், மவுஸ், ஜாய்ஸ்டிக், பலகை எல்லாவற்றையும் ஒரே பாஷையில் பேசவைக்கும் பகுதி உண்டு. செக் நாட்டைச் சேர்ந்த வொய்டெக் பாவ்லிக் முன்னின்று எழுதியது. எந்தக் கம்பெனியின் கருவியாக இருந்தாலும் சேதி ‘வகை, குறியீடு, மதிப்பு’ என்ற ஒரே வடிவில்தான் மேலே போகும். அழுத்தத்துக்கு இங்கே தனி நாற்காலி உண்டு, சாய்வுக்கும் உண்டு.

இந்தப் பகுதிக்குப் பின்வாசல் போல அமைந்தது ‘யூஇன்புட்’. அரிஸ்டியு ரொசான்ஸ்கி எழுதியது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலிலேயே இருந்தது. சாதாரண புரோகிராம் ஒன்று இந்த வாசலில் வந்து, ‘நான் ஒரு கருவி’ என்று சொல்லலாம். என்னென்ன பேசப்போகிறேன் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். கெர்னல் ஏற்றுக்கொண்டு ஒரு கருவியை உருவாக்கிவிடும். அதற்கு மேலே இருக்கும் எந்த சாஃப்ட்வேருக்கும், அது யூஎஸ்பி ஒயரில் வந்து செருகப்பட்ட பலகையா, புரோகிராம் உண்டாக்கிய நிழலா என்று பிரித்துப் பார்க்கத் தேவை இருக்காது.

ஆனால் பட்டியல் பிசகினால் போச்சு. நிழல் பலகை எழுத முயல்பவர்கள் நான்கு இடங்களில் வழுக்குகிறார்கள்.

முதலாவது, பேனா. இடமும் அழுத்தமும் அனுப்புவேன் என்று மட்டும் சொன்னால் போதாது. ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்றும் பட்டியலில் சொல்ல வேண்டும். கெர்னலுக்கு மேலே ‘யூடெவ்’ என்ற குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறது. வரும் கருவிகளை ரகம் பிரிப்பது அதன் வேலை. பேனா இல்லை என்றால் அது இந்தப் பலகையைத் தொடுதிரை, டச்பேட், மவுஸ் என்று வேறு ஏதாவது கோப்பில் போட்டுவிடும். பிறகு ஓவிய சாஃப்ட்வேர் தேடினாலும் பலகை கிடைக்காது.

இரண்டாவது, அளவு. கிடைமட்டத்தில் 0 முதல் 15,000 வரை என்று சொன்னால் போதாது. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை என்றும் சொல்ல வேண்டும். 150 மில்லிமீட்டர் அகலம் என்றால் மில்லிமீட்டருக்கு 100. இது தெரியாவிட்டால் பலகை எவ்வளவு பெரியது என்றே மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. இதில் ஒரு பழைய வினையும் சேர்ந்துகொண்டது. யூஇன்புட்டின் பழைய விண்ணப்பப் படிவத்தில் இந்த விவரத்துக்குக் கட்டமே இல்லை. 2016இல் வந்த 4.5 கெர்னலில்தான் புதிய முறை சேர்ந்தது. பழைய முறையில் எழுதிய புரோகிராம் உண்டாக்கும் பலகையை, கருவிகளைக் கையாளும் ‘லிப்இன்புட்’ என்ற இடைநிலை சாஃப்ட்வேர் ‘தகுதி குறைவு’ என்று ஒதுக்கிவிடும். முன்பு ஓடிய புரோகிராம் திடீரென்று ஓடாமல் போனதன் மர்மம் பல நேரங்களில் இதுதான்.

மூன்றாவது, வருகையும் புறப்பாடும். நிஜப் பலகையில் பேனா மேலே நெருங்கும்போதே ‘பேனா வந்தது’ என்று சேதி போகும். பிறகுதான் தொடுதல். தூக்கி அப்பால் எடுத்தால் ‘பேனா போனது’. நிழல் பலகையும் இந்த வரிசையில் பேச வேண்டும். புறப்பாட்டைச் சொல்ல மறந்தால், போகாத விருந்தாளி போலப் பேனா திரையிலேயே தங்கிவிடும்.

நான்காவது, முரண்பாடு. ‘முனை தொட்டது’ என்று சொல்லிவிட்டு அழுத்தம் 0 என்று அனுப்புகிறார்கள். அழுத்தம் அளக்கும் பலகை என்றால் லிப்இன்புட் அழுத்தத்தைத்தான் நம்பும். ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டாதவரை தொட்டதாகவே அது கொள்ளாது. கோடு விழாது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஏமாற மறுக்கவில்லை. அரைகுறை அறிமுகத்தைத்தான் மறுக்கிறது.

நீளமான சங்கிலி

கெர்னலைத் தாண்டியதும் பயணம் முடிந்துவிடுவதில்லை. அழுத்தம் என்ற எண் ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். லிப்இன்புட் அதை 0 முதல் 1 வரை என்ற பொது அளவுக்கு மாற்றுகிறது. திரையை நிர்வகிக்கும் புதிய முறையான ‘வேலேண்ட்’ அதை 0 முதல் 65,535 வரையிலான எண்ணாக வாங்கி புரோகிராமிடம் கொடுக்கிறது. பழைய முறையான ‘எக்ஸ்’ தன் சொந்த அளவில் கொடுக்கிறது. எக்ஸ் முறைக்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் வேலேண்டில் ஓடும்போது நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேறு. கடைசியில் கிரிட்டாவோ கிம்போ அந்த எண்ணுக்கு எவ்வளவு மை என்று முடிவுசெய்கிறது. இதில் எந்த மேஜையில் கோப்பு நின்றாலும் கோடு செத்துவிடும்.

இந்தச் சங்கிலியை ஒருவர் கோர்க்கவில்லை. ரெட் ஹேட் நிறுவனத்தின் பீட்டர் ஹட்டரர் லிப்இன்புட்டைப் பல ஆண்டுகளாக வளர்த்தவர். 2016இன் தொடக்கத்தில் வந்த 1.2 பதிப்பில் பேனாப் பலகைகளுக்கு இடம் கிடைத்தது. வேகாம் நிறுவனமே தன் பலகைகளுக்கான லினக்ஸ் வேலைக்கு ஆட்களை ஒதுக்கியது. ஆனால் விலை மலிவான மற்ற பலகைகளை எடுத்துக்கொண்டவர் நிக்கொலாய் கொண்ட்ரஷோவ். ‘டிஜிமெண்ட்’ என்ற அவருடைய முயற்சி, ஹூயான் முதலிய பலகைகளை லினக்ஸில் ஓடவைத்தது. அது லேசான வேலையல்ல. ஒரே அடையாள எண்ணோடு வெவ்வேறு மாடல்கள் சந்தைக்கு வந்தன. எது எது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் மாணவர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த மலிவான பலகைகளைத்தான்.

இந்த உழைப்பின் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஓவியர் டேவிட் ரெவாய் ‘பெப்பர் அண்ட் காரட்’ என்ற காமிக்ஸை 2014 முதல் வரைந்து வெளியிட்டுவருகிறார். முழுக்க லினக்ஸ், வரைவது கிரிட்டாவில். யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம்.

சங்கிலி நீளம் என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. கோளாறு வந்தால் கண்ணி கண்ணியாகச் சோதிக்கலாம். ‘ஈவ்டெஸ்ட்’ என்ற சிறு புரோகிராம் கெர்னலிலிருந்து வரும் சேதிகளை அப்படியே காட்டும். அழுத்தினால் எண் ஏறி இறங்குகிறதா என்று அங்கே பார்க்கலாம். ஏறவில்லை என்றால் குற்றவாளி டேப்லட்டோ அனுப்பும் புரோகிராமோ. ஏறுகிறது என்றால் அடுத்து லிப்இன்புட்டின் சோதனைக் கருவி. அங்கேயும் வருகிறது, கிரிட்டாவில் மட்டும் இல்லை என்றால் கிரிட்டாவின் தூரிகை அமைப்பைப் பார்க்க வேண்டும். அழுத்தத்துக்கு மாறாத தூரிகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு லினக்ஸைத் திட்டுபவர்களும் உண்டு.

விரல் போதாது

நிழல் பலகைக்கான புரோகிராம்கள் தயாராகவே கிடைக்கின்றன. 2010களில் வந்த ‘ஜிஎஃப்எக்ஸ் டேப்லட்’ முன்னோடிகளில் ஒன்று. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி, லினக்ஸில் ஒரு சிறு புரோகிராம், நடுவில் வைஃபை. பின்னர் வந்த ‘வேலஸ்’ டேப்லட்டில் செயலியே வேண்டாம் என்கிறது. கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டு, டேப்லட்டின் பிரவுசரில் அது காட்டும் முகவரியைத் திறந்தால் போதும். கம்ப்யூட்டர் திரையையே டேப்லட்டில் காட்டி, அதன்மீது வரையவும் விடும். ஆண்ட்ராய்டா ஐபேடா என்ற கேள்வி எழவில்லை.

மூன்றாவது புரோகிராம் இன்னும் விசித்திரம். ‘ஓப்பன் டேப்லட் டிரைவர்’ நிஜப் பலகைகளுக்கானது. ஒயரில் வரும் பலகையின் பச்சைச் சேதியைத் தானே படித்து, யூஇன்புட் வாசல் வழியாக ஒரு நிழல் பலகையை உண்டாக்கி, அதன் மூலம் பேசுகிறது. நிஜக் கருவிக்கே நிழல் தேவைப்படுகிறது. கெர்னல் கைவிட்ட மாடல்களுக்கும் இதனால் வாழ்வு கிடைக்கிறது.

இனி எச்சரிக்கைகள். எந்த டேப்லட்டும், எந்தப் பேனாவும் போதும் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனா விரலுக்கு மாற்று, அவ்வளவுதான். அதற்குள் அளக்கும் கருவி எதுவும் இல்லை. அழுத்தம் அறியாத கருவியில் தொடும்போது 0.5 என்று சொல்லிவிட வேண்டும் என்பதே பாயின்டர் ஈவென்ட்ஸ் விதி. மெதுவாகத் தொட்டாலும் 0.5; ஓங்கி அழுத்தினாலும் 0.5. சில போன்கள் விரல் படும் பரப்பை வைத்து ஓர் எண்ணை ஊகிப்பதுண்டு. அதை நம்பி வரைய முடியாது. அழுத்தம் அளக்கும் பேனாவும் அதை உணரும் திரையும் ஏற்கெனவே இருந்தால்தான் நிழல் பலகை லாபம். இல்லாதவர் அதற்காகவே புதிய டேப்லட் வாங்கினால், நிஜப் பலகையைவிட அதிகம் செலவாகும்.

அடுத்தது வடிவம். போன் ஒல்லி, கம்ப்யூட்டர் திரை அகலம். ஒன்றின் முழுப் பரப்பையும் மற்றொன்றின் முழுப் பரப்பில் விரித்தால் வட்டம் முட்டையாகும். விகிதம் ஒத்துப்போகும்படி ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது தாமதம். வைஃபையில் சேதி சில சமயம் தேங்கி, பிறகு கும்பலாக வந்து சேரும். கோடு பேனாவுக்குப் பின்னால் மூச்சிரைத்து ஓடிவரும். கையெழுத்துக்கும் கணக்குப் பாடத்துக்கும் இது பொருட்டல்ல. வேகமாகக் கோடு இழுக்கும் ஓவியருக்கு எரிச்சல். ஆண்ட்ராய்டு டேப்லட் என்றால் யூஎஸ்பி ஒயர் வழியாக இணைத்து நிலைமையைச் சீராக்கலாம்.

சாவி யாரிடம்?

யூஇன்புட் வாசலின் சாவி வழக்கமாக ‘ரூட்’ எனப்படும் நிர்வாகியிடம் மட்டுமே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. பலகையாக அறிமுகமாக முடிந்த புரோகிராம் கீபோர்டாகவும் அறிமுகமாகலாம். உட்கார்ந்திருப்பவரின் பெயரில் தட்டச்சு செய்யலாம். எதை வேண்டுமானாலும் திறக்கலாம், அழிக்கலாம். கம்ப்யூட்டருக்கு அது மனிதக் கை இல்லை என்று தெரியாது. கதவின் பலமும் அபாயமும் ஒன்றே.

அதனால் புரோகிராமை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது என்ற குறுக்கு வழி வேண்டாம். இந்த வாசலுக்கென்று ஒரு குழுவை உண்டாக்கி, வரைபவரின் கணக்கை அதில் சேர்த்து, யூடெவ்வில் ஒரு வரி விதி எழுதினால் வேலை முடிந்தது. அப்போதும்கூட, அந்தக் கணக்கில் ஓடும் எல்லாப் புரோகிராம்களுக்கும் அந்த வாசல் திறந்துவிடுகிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். வேலஸ் போன்றவற்றில் இணைப்புக்கு ரகசியக் குறியீடு வைக்கும் வசதி இருக்கிறது. ஹாஸ்டல் வைஃபையில் உட்கார்ந்து வரைபவர் அதைக் கட்டாயம் வைக்க வேண்டும். வரைந்து முடித்ததும் புரோகிராமை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

முறையான தீர்வை நோக்கியும் வேலை நடந்திருக்கிறது. ஹட்டரர் எழுதிய ‘லிப்ஈஐ’ 2023இல் 1.0 பதிப்பை எட்டியது. நிழல் கருவிகள் பின்வாசலில் வராமல், திரையை நிர்வகிக்கும் புரோகிராமிடம் நேரில் அனுமதி கேட்டு வரட்டும் என்பது அதன் நோக்கம். அந்த முதல் பதிப்பில் கீபோர்ட், சுட்டி, தொடுதிரை ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. அழுத்தம் சொல்லும் பேனாவுக்கு இல்லை. புதிய வீடு கட்டும் ஒவ்வொரு முறையும் ஓவியரின் நாற்காலி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. விஎன்சியின் ஆறு பைட் கதையும் அதுதான்.

வகுப்பறைக்குப் போக

இது ஓவியர்கள் சிலரின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. கேரளத்தின் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமாகத் தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு அவற்றுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவை அங்கே பாடப்புத்தகத்திலேயே வருகின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற லினக்ஸைத் தயாரித்தது. அதன் முதல் பதிப்பு 2007இல் வந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் இந்தியாவில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் படம் வரைவது லினக்ஸில்தான். வரைவது மவுஸால்.

ஒவ்வொரு மேஜைக்கும் பேனாப் பலகை வாங்கித் தர எந்தப் பள்ளியாலும் முடியாது. ஆனால் ஆசிரியரிடமோ பள்ளியிலோ பேனாவுள்ள டேப்லட் ஒன்று இருந்தால், அதைச் சுற்றுமுறையில் பயன்படுத்தலாம். அதே பலகையில் கணக்கு ஆசிரியர் படிகளை எழுதிக் காட்டலாம். உயிரியல் ஆசிரியர் இலையின் குறுக்குவெட்டை வரையலாம். இதற்குத் தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. குழு அமைப்பது, யூடெவ் விதி எழுதுவது, விகிதம் சரிபார்ப்பது என்று நிர்வாகி அரைமணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை, ஓவிய ஆசிரியருக்குக் கடக்க முடியாத மதிலாக நிற்கிறது.

மதிலை இடிக்க வேண்டியவர்கள் மாணவர்கள் அல்ல. இந்த லினக்ஸ் பதிப்புகளைத் தயாரிப்பவர்கள். நிழல் பலகை புரோகிராமையும் அதற்குரிய பாதுகாப்பு விதியையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இயல்பில் மூடிவைத்து, ஆசிரியர் தேவைப்படும்போது திறக்கும்படி ஒரு பட்டன் வைத்தால் போதும். கூடவே மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் இரண்டு பக்கக் குறிப்பு. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. கதவு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வைக்கப்பட்டுவிட்டது. பூட்டு அவசியம்தான், சாவியை எங்கே மாட்டியிருக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லிவைப்பதும் அதே அளவு அவசியம்.